ஸ்டுட்கார்ட் வைசன்ஹோஃப் மியூசியம்: உள்ளே நடந்து பார்க்கிற கண்காட்சி

கட்டடக்கலைக் கண்காட்சி என்றாலே எனக்குக் கொஞ்சம் சலிப்பு. சுவர் முழுக்கப் பெரிய பெரிய பலகைகள், அதில் சாயங்கால வெளிச்சத்தில் மின்னுகிற கணினிப் படங்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை அட்டையில் செய்த மாடல், பக்கத்தில் யாருக்கும் புரியாத நாலு பத்தி. போன வருடம் வேறொரு ஊரில் ஒரு நிறுவனம் வைத்திருந்த கண்காட்சிக்குக் காசு கொடுத்துப் போய், இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, அவர்கள் கட்டிய வீட்டில் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வெளியே வந்தேன். வரைந்தவருக்கு அந்த வீடு தலைக்குள் இருக்கிறது. பார்க்க வந்தவருக்கு அது எங்கேயும் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கட்டடக்கலை படிக்கிற என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாளே "மாமா, வைசன்ஹோஃப் போகணும்" என்றாள். ஆறு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், கில்லஸ்பெர்க் பூங்காவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பக்கத்திலேயே இருக்கிற இதற்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம், சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம்.

முதலில் இது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். 1927 ஜூலை 23 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு கண்காட்சி திறந்தது. அதன் பெயரே 'குடியிருப்பு' என்பதுதான். கலைஞர்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்த ஜெர்மன் வெர்க்புண்ட் என்ற அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து நடத்தியது. பொறுப்பைக் கையில் எடுத்தவர் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, அப்போது அவருக்கு 41 வயது. ஊருக்கு மேலே வைசன்ஹோஃப் என்ற மலைச்சரிவைக் கொடுத்தார்கள். அங்கே அவர் பலகை எதையும் மாட்டவில்லை. தன்னோடு சேர்த்து 17 கட்டடக் கலைஞர்கள் நிஜ வீடுகளையே கட்ட ஏற்பாடு செய்தார்: லெ கொர்புசியே, குரோப்பியஸ், நெதர்லாந்திலிருந்து ஔட்டும் மார்ட் ஸ்டாமும், வியன்னாவிலிருந்து யோசெஃப் ஃபிராங்க், பெர்லினிலிருந்து டவுட் சகோதரர்கள், ஷரூன் என்று இன்னும் பலர். 21 கட்டடங்கள், அவற்றில் 63 குடியிருப்புகள், ஏறத்தாழ 21 வாரத்தில். திறப்பு நாளில் எல்லா வீடும் முடிந்திருக்கவில்லை, அது வேறு விஷயம். அக்டோபர் வரை சுமார் 5 லட்சம் பேர் வந்து, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் பணம் வந்த வழி. நகராட்சியின் வீடமைப்புத் திட்டத்துப் பணத்தில்தான் இந்த வீடுகள் எழுந்தன. அதனால் கண்காட்சி முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் போட முடியாது, வாடகைக்கு விட்டாக வேண்டும், ஆட்கள் குடிவந்தாக வேண்டும். அதாவது ஒவ்வொரு கட்டடக் கலைஞரும் பார்வையாளர்களுக்குக் காட்டுகிற அதே வீட்டில் நாளைக்கு ஒரு குடும்பம் சோறாக்கித் துணி துவைத்துக் குழந்தை வளர்க்கப் போகிறது என்று தெரிந்தேதான் வரைந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து இதே மீஸ் பார்சலோனாவில் கட்டிய ஜெர்மன் காட்சிக்கூடம் எவ்வளவு அழகு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது ஒரு வருடத்திலேயே பிரிக்கப்பட்டது, இப்போது அங்கே நிற்பது 1980களில் திரும்பக் கட்டியது. அங்கே யாரும் குடியிருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வைசன்ஹோஃபுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை, அதுதான் அதன் பலம் என்று எனக்குப் படுகிறது.

சரி, மியூசியத்துக்கு வருகிறேன். ரத்தனாவ் தெருவில் லெ கொர்புசியேயும் அவருடைய உறவுக்காரத் தம்பி பியர் ஜன்னரேயும் சேர்ந்து கட்டிய இரட்டை வீடு. சரிவில் மெல்லிய இரும்புத் தூண்கள்மேல் ஒரு நீளமான பெட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், முகப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஜன்னல் பட்டை. ஒரு பாதியில் இந்த இடத்தின் வரலாறு, குடியிருப்பின் மாடல், பழைய படங்கள் இருக்கின்றன. இன்னொரு பாதியைப் பிற்காலத்து மாற்றங்களையெல்லாம் நீக்கி 1927இல் இருந்த மாதிரியே, சுவர் நிறங்கள் உட்பட, திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். 2006இல் இருந்து மியூசியமாக இருக்கிறது. 2016இல் லெ கொர்புசியேயின் 17 இடங்களை யுனெஸ்கோ ஒரே பட்டியலாக உலக மரபுச் சின்னம் ஆக்கியபோது இந்தப் பேட்டையில் அவருடைய இரண்டு கட்டடங்களும் அதில் சேர்ந்தன. தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கிற நம்முடைய சண்டிகர் கேப்பிடல் வளாகமும் அதே பட்டியல்தான்.

வரலாற்றுப் பகுதியை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மாடலுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அப்புறம் வெளியே நடக்கும்போது எது இருக்கிறது, எது போய்விட்டது என்று புரியும்.

ஆனால் மற்ற பாதி இருக்கிறதே, அதற்காகத்தான் வரவேண்டும். முதன்மை மாடியில் பகலில் ஒரே பெரிய ஹால். ராத்திரியானால் தள்ளு தடுப்புகளை இழுத்து அதையே படுக்கையறைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கட்டில்கள் எங்கே என்று தேடினால், சுவரோரம் கட்டிய கான்கிரீட் அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறது, ராத்திரி இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பகலில் பயணிகள் பெட்டி, ராத்திரியில் ஸ்லீப்பர் கோச், இதுதான் அவருடைய யோசனை. காகிதத்தில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நேரில் அதன் பின்பக்கமாக ஓடுகிற நடைவழியில் காலை வைத்ததும்தான் விஷயம் உடம்புக்குப் புரிந்தது. ரயில் பெட்டியின் நடைவழி மாதிரியே குறுகல். நான் ஒல்லியானவன்தான், எனக்கே இரண்டு தோளும் சுவரில் உரசாமல் போகக் கவனமாக நடக்க வேண்டியிருந்தது.

அக்கா மகள் கையோடு டேப் கொண்டுவந்திருந்தாள். சுவரில் படாமல் பிடித்து அளந்து பார்த்தாள், எழுபது சென்டிமீட்டர்கூடத் தேறவில்லை. "மாமா, இதுல ரெண்டு பேரு எதிரெதிரே வந்தா என்ன பண்ணுவாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், வேறு வழியில்லை. கல்லூரியில் இந்த வீட்டின் தரைப்படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாளாம். அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லையாம்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு கட்டடக் கலைஞர் தன் வேலையைப் பொதுமக்கள் முன் வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும். தன் யோசனையின் நல்லதும் கெட்டதும் பார்க்க வந்தவர் உடம்பிலேயே உறைக்கிற மாதிரி, முழு அளவில், ஒளிக்காமல். படத்தில் அந்த நடைவழியைக் காட்டியிருந்தால் நாங்கள் "ஆஹா, எவ்வளவு சிக்கனம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போயிருப்போம். இங்கே 1927இல் வந்த ஒரு கடைக்காரரோ ஒரு பள்ளி ஆசிரியையோ, கட்டடக்கலை பற்றி ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தாலும், இரண்டு நிமிடத்தில் வீட்டைக் கட்டியவரைத் தவறென்று சொல்லியிருக்க முடியும். லெ கொர்புசியே அதற்குப் பயப்படவில்லை என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அதே சமயம் இது வேலைக்காரிக்கு ஒரு தனி அறை ஒதுக்கிய வீடு, சாமானியருக்கான வீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் இந்தக் கண்காட்சியை வீடு கட்ட மட்டும் பயன்படுத்தவில்லை. வீட்டைத் தூண்மேல் தூக்குவது, மொட்டை மாடித் தோட்டம், இஷ்டப்படி சுவர் வைக்கிற தளம், நீள ஜன்னல், பாரம் சுமக்கத் தேவையில்லாத முகப்பு என்ற அவருடைய புகழ்பெற்ற ஐந்து கொள்கைகளும் இந்த வீடுகளைப் பற்றி அந்த வருடமே ஜெர்மன் மொழியில் வந்த ஒரு சிறு புத்தகத்தில் இருந்தன. எழுதி வெளியிட்டவர் ஆல்ஃபிரெட் ரோட், இருபத்துநாலு வயது சுவிஸ் பையன், கட்டட வேலையை இங்கே நின்று பார்த்துக்கொண்டதும் அவர்தான். கையில் கொள்கை, கண்முன் வீடு. பொருளைக் காட்டாமல் கொள்கையை மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அப்புறம் மொட்டை மாடி. படியேறி மேலே வந்தால் பாதிக்குக் கூரை, பாதி திறந்தவெளி, கீழே பள்ளத்தாக்கில் மொத்த ஸ்டுட்கார்ட்டும் விரிந்து கிடக்கிறது. நான் அங்கே வெகுநேரம் நின்றேன். எனக்கு அது ரொம்பப் பழகிய இடமாக இருந்தது. வடகம் காயப்போட, கோடையில் பாய் விரித்துப் படுக்க, பட்டம் விட என்று மொட்டை மாடியிலேயே வளர்ந்தவனுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? ஆனால் இங்கே இந்தத் தட்டையான கூரைக்காகத்தான் பெரிய சண்டையே நடந்தது. மீஸின் ஆரம்பத் திட்டத்தைப் பார்த்த உள்ளூர்க் கட்டடக் கலைஞர் பவுல் போனாட்ஸ், இது ஜெருசலேமின் புறநகர் மாதிரி இருக்கிறது என்று 1926லேயே பத்திரிகையில் எழுதினார். நாஜிகள் காலத்தில் இந்தக் குடியிருப்பின் படத்தில் ஒட்டகம், சிங்கம், அங்கி போட்ட ஆட்களையெல்லாம் ஒட்டி 'அரபுக் கிராமம்' என்று ஒரு கேலி அஞ்சலட்டையே சுற்றியது. சாய்வுக் கூரைதான் ஜெர்மன், தட்டைக் கூரை அந்நியம் என்பது அவர்கள் வாதம். நாம் எதையும் யோசிக்காமல் துணி காயப்போடுகிற இடம் ஒரு நாட்டில் இனப்பகைக்கு ஆயுதமாகியிருக்கிறது. அந்த மாடியில் நின்று இதை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே மனசு கனத்தது.

அந்தச் சண்டையின் மறுபக்கத்தையும் அன்றே பார்த்துவிடலாம். இங்கிருந்து சும்மா நடக்கிற தூரத்தில் கோஹன்ஹோஃப் என்று இன்னொரு குடியிருப்பு இருக்கிறது. 1933இல் பவுல் ஷ்மிட்டென்னர் தலைமையில், வைசன்ஹோஃபுக்குப் பதிலடியாக, எல்லாம் மரத்தில், எல்லாம் சாய்வுக் கூரையோடு. அதுவும் ஒரு கண்காட்சிதான்! அந்தக் காலத்தில் இவர்கள் கட்டுரை எழுதிச் சண்டை போட்டதோடு நிற்கவில்லை, வீட்டுக்கு வீடு கட்டி, மக்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். போனாட்ஸ் வரைந்ததுதான் ஸ்டுட்கார்ட் பெரிய ரயில் நிலையம் என்பதால், நீங்கள் ரயிலில் வந்தால் எதிர்க்கட்சி வழியாகத்தான் வருகிறீர்கள்.

வெளியே நடப்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1938இல் நகராட்சி இந்த இடத்தை அரசுக்கு விற்றது, எல்லாவற்றையும் இடித்துவிட்டு ராணுவத் தலைமையகம் கட்டுவதாக ஏற்பாடு. அது நடக்கவில்லை, ஆனால் போரில் குண்டு விழுந்தது. 21 கட்டடங்களில் இன்று 11 மிச்சம். குரோப்பியஸின் இரண்டு வீடுகளும் இல்லை, கண்ணைப் பறிக்கிற நிறங்கள் அடித்த புரூனோ டவுட்டின் வீடும் இல்லை. இடையிடையே போருக்குப் பின் வந்த சாதாரண வீடுகள் நிற்கின்றன. முதலில் அது உறுத்தும், நடக்க நடக்க அந்தக் கலவையும் இந்த இடத்தின் கதைதான் என்று தோன்றிவிடும். 1958இலிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

மற்ற வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். கோடியில் ஷரூனின் வீடு மட்டும் வளைந்து நெளிந்து ஒரு தனிக் குணத்தோடு நிற்கும். மீஸின் நாலுமாடிக் கட்டடம் நீளமாக, அமைதியாக, எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு மாதிரி. இரும்புச் சட்டகம்தான் பாரம் தாங்குகிறது, உள்சுவர்களைக் குடித்தனத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் காட்ட நினைத்தது.

எனக்கு மனசுக்கு மிகவும் நெருங்கியது ஔட்டின் ஐந்து வரிசை வீடுகள். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், முதல் சுற்றில் நாங்கள் கடந்தே போய்விட்டோம். ராட்டர்டாம் நகராட்சியில் ஏழைத் தொழிலாளிகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். எர்னா மேயர் என்ற வீட்டு நிர்வாக நிபுணர், சமையலறை எப்படி இருக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர்களுக்கு வழிகாட்டுதல் எழுதிக் கொடுத்தார். அதைக் காது கொடுத்துக் கேட்டவர்களில் முதல் ஆள் ஔட். பின்பக்கம் சின்ன முற்றம், துவைக்க இடம், சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்குத் தட்டை நேராக நீட்ட ஒரு சிறு திறப்பு. வீட்டு வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எங்கிருந்து எங்கே நடப்பார் என்று யோசித்த ஒருவர் வரைந்தது இது. லெ கொர்புசியேயின் வீட்டை எல்லோரும் படமெடுக்கிறார்கள். குடியிருக்கச் சொன்னால் நான் ஔட்டின் வீட்டைத்தான் கேட்பேன்.

வீடுகள் மட்டுமல்ல, அந்தக் கண்காட்சியின் ஒரு பகுதி ஊருக்குள் இருந்த மண்டபங்களில் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் லில்லி ரைஷ். கண்ணாடி, தரைவிரிப்பு, குழாய், அடுப்பு என்று வீட்டுக்குத் தேவையான பொருள்களையெல்லாம் காட்சியாக்கியவர், மீஸோடு சேர்ந்து ஒரு கண்ணாடி அறையும் அமைத்தார். இவர் பெயர் வெகுகாலம் மீஸின் நிழலிலேயே இருந்துவிட்டது, அது எனக்கு வருத்தம். பின்காலே இல்லாத, வளைத்த இரும்புக் குழாய் நாற்காலி இப்போது எந்த ஆபீஸ் வரவேற்பறையிலும் கிடக்கிறதல்லவா, அதை மார்ட் ஸ்டாமும் மீஸும் பொதுமக்களுக்கு முதலில் காட்டியதும் இங்கேதான். ஆயத்தக் கூட்டத்தில் ஸ்டாம் வரைந்து காட்டியதைப் பார்த்துத்தான் மீஸ் தன்னுடையதைச் செய்தார். வில்லி பௌமைஸ்டர் செய்த போஸ்டர் இன்னும் அழகு. பழைய காலத்து அலங்கார அறை ஒன்றின் படம், அதன்மேல் சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி, 'எப்படி வாழ்வது?' என்று கேள்வி. அவ்வளவுதான். தெருவில் போகிற யாரையும் நிறுத்திவிடும்.

குறைகள்? மியூசியம் சின்னது, வீடு அளவுதான், அதனால் கூட்டமான நேரத்தில் அந்த நடைவழியில் நெரிசல் தவிர்க்க முடியாது. படிகள் நிறைய. முட்டி வலி உள்ளவர்களும் தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிறவர்களும் யோசித்து வர வேண்டும், வீட்டின் அமைப்பே அப்படி. ஒரேயொரு வீட்டுக்குள்தான் போக முடிகிறது என்பது எனக்குப் பெரிய ஏக்கம். ஔட்டின் வீடு ஒன்றையும் இப்படித் திறந்துவிட்டால் லெ கொர்புசியேயின் சமையலறையையும் அவருடைய சமையலறையையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. என் கணக்கில் ஐந்துக்கு நாலரை.

ஸ்டுட்கார்ட் வட்டாரம் 2027இல் மறுபடி ஒரு பெரிய சர்வதேசக் கட்டடக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, வைசன்ஹோஃபின் நூறாவது வருடத்தைக் கணக்கில் வைத்து. இந்தத் தடவையும் வெறும் பலகைகளோடு நிற்காமல் நிஜமான குடியிருப்புகளைத்தான் கட்டுகிறார்கள். அப்போது கூட்டம் அலைமோதும், அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்பே போய்விடுவது நல்லது. யு5 நகர ரயிலைப் பிடித்துக் கில்லஸ்பெர்க்கில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். முடித்துவிட்டுத் தெம்பிருந்தால் பூங்காவில் யோர்க் ஷ்லைஷ் வடிவமைத்த கம்பிவலைக் கோபுரத்தில் ஏறுங்கள், காற்றில் லேசாக ஆடும். பெரிய முதுகுப்பை மட்டும் வேண்டாம், அந்த நடைவழியில் சிக்கும். பதிலுக்கு ஒரு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், சுவரில் படாமல் அளந்துகொள்ளலாம்.